மால்சுன் அத்தை பார்த்த இதயம்

மால்சுன் அத்தை மேல் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்களுக்கு நான் படகோட்டி. அவர்களில் மூத்தவள் அத்தை. நான் ஒரு தும்மல் போட்டால் போதும், “என்னடா, எஞ்சினுக்குச் சளியா?” என்று எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்குவாள்.

இந்தக் குளிர்காலம் சளிக்காய்ச்சல் அவளையே பிடித்தது. வழக்கம்போலத் தலைவலிப் பொடியைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்கியவள், நெஞ்சைப் பிடித்தபடி படகேறினாள்.

“இறுக்குதுடா. இதயம் போச்சு. இனி எனக்குக் கடல் கிடையாது.”

அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை. நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஈசிஜி, ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள்.

“இதயம் நல்லா இருக்கு பாட்டி. சளியால மூச்சுக்குழாய் வீங்கியிருக்கு, அதான் இறுக்கம். முழுசா குணமாகுற வரைக்கும் முங்காதீங்க. திரும்ப இறுக்கினா உடனே வாங்க” என்றார் டாக்டர்.

அத்தையின் கண் ஸ்கேன் திரையை விட்டு நகரவில்லை. அங்கே அவள் இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

“நான் மூச்ச அடக்குறப்ப இதுவும் சும்மா கெடக்கும்னுல்ல நெனச்சேன்?”

“மெதுவா அடிக்கும் பாட்டி, நிக்காது.”

“அம்பது வருஷமா, கடலுக்கடியிலயுமா?”

எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“டேய், அந்தத் திரைய இன்னும் கொஞ்சம் என் பக்கம் திருப்பச் சொல்லுடா.”