ரீலிலிருந்து எடுத்த சிரிப்பு

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஜொகூரிலும் பினாங்கிலும் ஒரு கப்பல் சமையலறையிலும் கிடந்துவிட்டு, இப்போது ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடையின் மாடியில் இருக்கிறேன். பழைய பிலிம் ரீல்களில் ஒரே ஒரு பிரேமை எடுத்துப் பெரிய படமாக அச்சிடுவது என் வேலை. சிலர் அதைக் கலை என்று கண்காட்சியில் மாட்டுகிறார்கள். மழை வந்தால் கூரை ஒழுகும். ரீல் டப்பாக்களைக் கட்டில்மேல் அடுக்கிவிட்டு நான் தரையில் படுப்பேன்.

செங்காங்கிலிருந்து ஒரு பெண்மணி ரீல் ஒன்றோடு வந்தார். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அவருடைய அப்பா, இரவல் கேமராவில் வீட்டில் எடுத்தது. அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. தமிழ்ப் பத்திரிகையில் முதலாண்டு நினைவஞ்சலி போட வேண்டும், கோயிலில் பூசை நடக்கும் நேரத்தோடு.

"ஐசி அடையாள அட்டை போட்டோதான் இருக்கு அண்ணே. அதுல அம்மா போலீஸ் பிடிச்சிட்டுப் போன மாதிரி முழிக்கிறாங்க. சிரிச்ச மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க லா."

"சிரிச்சிருந்தா எடுத்துடலாம்மா."

அவர் போனபின் ஓட்டிப் பார்த்தேன். சத்தமில்லாத படம். சமையலறை வாசலில் அம்மா. கேமராவைக் கண்டதும் கையைத் தூக்கி முகத்தை மறைக்கிறார். கை இறங்குகிறது, வாய் அசைகிறது, மறுபடியும் கை. கேமரா நெருங்குகிறது. அவர் உள்ளே போய்விடுகிறார். வேண்டாம், வேண்டாம் என்றுதான் சொல்கிறார். அதைப் புரிந்துகொள்ள ஒலி தேவையில்லை.

'வே' என்னும்போது உதடு இரண்டு பக்கமும் இழுபடும், பல் தெரியும். கை இறங்கியிருந்த அந்த ஒரு பிரேமில் அவர் சிரித்தார். முன்னும் பின்னும் இருந்ததை விட்டுவிட்டு அதை எடுத்தேன்.

மகள் படத்தைத் தொடாமல் மேசையைச் சுற்றி வந்து பார்த்தார். "அம்மாவுக்கு இங்க பல்லு இடைவெளி இருக்கும் அண்ணே. மறந்தே போயிட்டேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். "நல்லா வந்திருக்கும்மா" என்றேன்.

பத்திரிகையில் படம் வந்த வாரம், ரீலை வாங்கிப்போகக் கேக் பெட்டியோடு வந்தார். "அம்மா சிரிக்கிறதை ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க அண்ணே."

பழைய ரீல், அறுந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அறுந்துவிடாது என்று எனக்குத் தெரியும். ஜன்னலில் துணியைத் தொங்கவிட்டு ஓட்டினேன்.

முடிந்ததும் சுவரில் வெறும் வெளிச்சம். கீழே கடையில் குழாய் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு வாட்டி."

இரண்டாவது முறை அவருடைய உதடும் சேர்ந்து அசைந்தது.

"அப்பா நிறுத்தவே இல்லையே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு முதல்லயே தெரியுமா அண்ணே?"

"தெரியும்மா."

"எங்க அண்ணனுங்க எல்லாரும் அந்தப் படத்தைத்தான் போன்ல வச்சிருக்காங்க. நான் போய் என்னன்னு சொல்றது?"

ரீலைச் சுற்றி டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். படி வரை போனவர் திரும்பி வந்தார்.

"கம்ப்யூட்டர்ல இருக்கிறதை டெலீட் பண்ணிடுங்க."

அவர் பார்த்து நிற்கும்போதே அழித்தேன். கண்காட்சிக்கென்று ஆளுயரத்துக்கு அச்சிட்டுச் சுருட்டி வைத்த ஒன்று கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதைச் சொல்லவில்லை. கேக் பெட்டியை அவர் மேசையிலேயே விட்டுப் போனார்.

அந்தப் பெரிய படத்தை இன்னும் கிழிக்கவில்லை, எங்கும் மாட்டவும் இல்லை. மழை பெய்தால் அதையும் கட்டில்மேல் எடுத்து வைக்கிறேன்.