நல்ல தண்ணிக் கிணறும் இக்னேசியஸின் வானும்

வீதி வேலைப் பகுதியில் முப்பத்தொரு வருடம் றோலர் ஓட்டியவர் இக்னேசியஸ். தாரைப் படிய வைக்கும் அந்த இரும்பு உருளை வண்டியை அவர் நிலாவெளிச் சந்தியில் எடுத்த அன்று கோழியை அடை வைத்த ஒருத்தி, அது இறக்கக்கண்டிப் பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது குஞ்சுகளுக்குக் குறுணல் போட்டுக்கொண்டிருந்தாள். எறும்புகள் அவரை முந்திப் போய்விட்டு, பாவம் மனிதன் என்று நின்று பார்த்ததும் உண்டு. இதிலெல்லாம் நான் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். இனிச் சொல்லப்போவதில் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை.

ஓய்வு பெற்ற கையோடு அவர் ஒரு பழைய வான் வாங்கினார். முன்சீட்டுக்குக் கீழே எஞ்சின் இருக்கிற சின்ன வான். ஊர் சுற்ற வாங்கியதல்ல. அவருடைய மனைவி மக்டலினுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை விட்டிருந்தன. செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்குத் திருகோணமலை ஆஸ்பத்திரியில் மெசினில் படுத்து நாலு மணி நேரம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஒரு தரம் தவறினால் கால் வீங்கும். இரண்டு தரம் தவறினால் மூச்சு முட்டும். மூன்றாவது தரத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

ஆகவே அந்த வானை அவர் பார்த்த மாதிரி ஒருவரும் ஒரு வாகனத்தையும் பார்த்திருக்கமாட்டார்கள். விடிய ஐந்து மணிக்கு எழும்பிச் செபம் சொல்லிவிட்டு நேரே வானடிக்குப் போவார். எண்ணெய்க் கோலை இழுத்துத் துடைத்துப் பார்ப்பார். நாலு சில்லையும் காலால் தட்டுவார், ஐந்தாவதான ஸ்பெயார் சில்லையும் மறக்கமாட்டார். பட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளையைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவுவார். கடைசியாக முன்சீட்டைத் தூக்கி, எஞ்சினைச் சூடேறாமல் வைத்திருக்கும் றேடியேற்றருக்குத் தண்ணீர் விடுவார்.

அந்தத் தண்ணீரில்தான் கதை இருக்கிறது.

எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், அவருடைய வீட்டுக் கிணற்றுக்குப் பெயரே நல்ல தண்ணிக் கிணறு. அவருடைய அப்பா வெட்டியது. கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் இளநீர் மாதிரி இருந்த தண்ணீர். நானும் வாளி வாளியாய் அள்ளியிருக்கிறேன். பிறகு சுனாமி வந்த அந்த மார்கழியில் கடல் வந்து ஒழுங்கையைக் கழுவிக்கொண்டு போயிற்று. கிணறுகளை எல்லாம் இயந்திரம் வைத்து இறைத்துத் தந்தார்கள். மற்ற எல்லோரும் மெல்ல மெல்ல பவுசர் வண்டியில் வரும் தண்ணீருக்கும் பிறகு குழாய்க்கும் மாறினோம். இக்னேசியஸ் மாறவில்லை.

"டீச்சர், உங்கட குழாய்த் தண்ணியில மருந்தெல்லோ மணக்குது," என்பார். "மருந்து இரும்பைத் தின்னும். எங்கட கிணறு முந்தின மாதிரியே வந்திட்டுது. நாளாந்தம் குடிக்கிற எனக்குத் தெரியாதோ?"

குழாயும் அவர் வீட்டுக்கு வந்தது. அதில் உடுப்புத் தோய்த்தார்கள். குடித்ததும் சமைத்ததும் வானுக்கு விட்டதும் கிணற்றுத் தண்ணீர்தான்.

வெள்ளிக்கிழமைகளில் நானும் பின்சீட்டில் ஏறிக்கொள்வேன். டவுனில் எனக்கு மருந்துக்கடையும் வாசிகசாலையும். வழியில் ஏதும் நடந்தால் அவர் செய்கிற ஒழுங்கைப் பார்க்கவே காசு கொடுக்கலாம். சாம்பல்தீவுப் பாலத்தருகே ஒருமுறை சில்லுக் காற்றுப்போனது. வானை ஓரங்கட்டிக் கைப்பிரேக்கை இழுத்தார். பின்சில்லுக்குக் கல் வைத்தார். பற்றையில் இரண்டு குழை முறித்து, முப்பது அடி எண்ணி நடந்து றோட்டில் போட்டார். வருகிற வாகனங்கள் குழையைக் கண்டால் விலத்திப் போகும். பிறகு வானுக்குள் இருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையை எடுத்து மர நிழலில் வைத்து மக்டலினை இருத்தினார். ஜாக்கியை வைத்துச் சில்லை மாற்றிப் பதினொரு நிமிஷத்தில் புறப்பட்டோம்.

"கலியாண வீட்டிலகூட என்னை இப்பிடி இருத்தேல்ல," என்றாள் மக்டலின்.

"அண்டைக்கு ஜாக்கி இல்லை," என்றார் அவர்.

கதிரை வானில் எப்போதும் இருக்கும். எஞ்சினைத் திறப்பதென்றால் முன்சீட்டைத் தூக்க வேண்டும். முன்சீட்டில் இருப்பவள் நோயாளி.

போன வருடம் பங்குனிக்குப் பிறகு வான் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. முதலில் கிழமைக்கு ஒரு போத்தல், பிறகு நாளுக்கு ஒன்று. மக்டலினுக்கு ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல் குடிக்கக்கூடாது என்று கட்டளை. வாயில் ஐஸ்கட்டியை வைத்துக்கொண்டு யன்னலால் பார்த்திருப்பாள். "எனக்குத் தராததை எல்லாம் அதுக்குக் குடுக்கிறார்," என்பாள் என்னிடம். அவரோ குறைய விட்டால் பிழை என்று இன்னும் கூட விட்டார். அதே கிணறு, அதே வாளி.

அந்த வெள்ளிக்கிழமை நிலாவெளி உப்பளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம். சூட்டைக் காட்டுகிற முள் மேலே ஏறியது. அவர் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். கல், குழை, கதிரை. உப்பளத்தில் நிழல் இல்லை. என்னுடைய குடையை மக்டலினுக்குப் பிடித்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி சீறியது.

சைக்கிளில் வந்த ஒருவர் நின்று, "மூடியைத் திறந்து தண்ணியை விடுங்கோவன்," என்றார்.

"திறந்தா முகத்தில அடிக்கும். அரை மணித்தியாலம் ஆற வேணும்," என்றார் இக்னேசியஸ்.

அரை மணி நேரம் அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், மக்டலின் அவரைப் பார்த்தாள். முதல்நாளே அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. ஏழேமுக்கால் ஆயிற்று. ஈரச்சாக்கைப் போட்டு மூடியைத் திருகி, வானில் வைத்திருந்த இரண்டு போத்தல் தண்ணீரையும் விட்டார். விட்ட வேகத்தில் அது கீழே றோட்டில் ஓடியது. குனிந்து ஓட்டையைத் தேடி, கைவசம் இருந்த உடுப்புச் சவர்க்காரத்தைப் பிசைந்து அடைத்தார். அவசரத்துக்கு அது பிடிக்கும், எனக்கும் தெரியும். ஆனால் பெருவிரல் பட்ட இடமெல்லாம் பப்படம் மாதிரி உதிர்ந்தது. ஒரு ஓட்டை மூன்றானது. மூன்றும் சேர்ந்து பெரிய ஒன்றானது.

கைபேசியில் கூப்பிட, நிலாவெளியில் கராஜ் வைத்திருக்கும் கிண்ணியா ஜவ்பர் மோட்டார் சைக்கிளில் வந்தான். குப்புறப் படுத்துப் பார்த்தான். எழும்பும்போது அவன் விரலில் செங்கல் நிறத்தில் ஒரு சேறு. அதை மணந்தான். பிறகு, அருவருப்பு இல்லாத பிள்ளை, நாக்கு நுனியில் வைத்தான், உடனே துப்பினான்.

"என்ன தண்ணி ஊத்துற நீங்க, அண்ணன்?"

"எங்கட கிணத்துத் தண்ணி. நல்ல தண்ணி."

"நல்ல தண்ணியா? கடலுக்குள்ள வான விட்டிருந்தாலும் இப்பிடித்தான் இருக்கும். உப்பு, அண்ணன். முழு உப்பு. றேடியேற்றர உள்ளுக்கால தின்னிருக்கு. எத்தின வருஷமா ஊத்துறீங்க?"

"ஒவ்வொரு நாளும்," என்றார் இக்னேசியஸ். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

"ஒவ்வொரு நாளும் ஊத்தினதாலதான் இப்பிடி. கவனிக்காமப் போட்டிருந்தாக்கூட இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்." ஜவ்பர் பகிடியாகத்தான் சொன்னான். கெட்ட மனம் இல்லாதவன்.

"றேடியேற்றரை மாத்தலாம்தானே?"

"அத மாத்தலாம். எஞ்சின் கட்டைக்குள்ளயும் இந்தத் தண்ணிதானே ஓடினது? அதுக்குள்ள அரிச்சத என்னத்தச் செய்ய?"

"இனி நல்ல தண்ணி விட்டா?"

"இனி எந்தத் தண்ணிய விட்டாலும் போனது போனதுதான், அண்ணன்."

இக்னேசியஸ் மெல்லத் திரும்பிக் கதிரைப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. குடைக்குக் கீழே மக்டலின் தன் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது தெரிந்தது.

"நானும் முப்பத்தாறு வருஷம் குடிச்சன்," என்றாள் அவள். "என்னையும் ஒருக்கா நாக்கில வைச்சுப் பாக்கச் சொல்லுங்கோ தம்பியை."

ஜவ்பருக்கு விளங்கவில்லை. சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவன்தான் றோட்டுக்குக் குறுக்கே நின்று ஒரு மீன் லொறியை மறித்து எங்களை ஏற்றிவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்பதரை. எட்டு மணி மெசினில் வேறு ஒருவரைப் போட்டிருந்தார்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு, அதுவும் இரண்டு மணி நேரம்தான் கிடைத்தது. அதுவரை அவள் மர வாங்கிலில் சரிந்திருந்தாள். இக்னேசியஸ், தயாளினி என்ற தாதியைத் தேடிப் போனார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டோ? இந்தச் சிறுநீரக வருத்தம் தண்ணியால வருமோ? உப்புத் தண்ணியால?"

"அப்பிடிச் சொல்ல ஏலாது, ஐயா. அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருபது வருஷம். பிரஷரும் இருக்கு. மூட்டு நோவுக்கு எத்தினை குளிசை போட்டவ? எதால வந்ததெண்டு ஆரும் சொல்லேலாது."

"அப்ப தண்ணியால இல்லையெண்டு சொல்லுவீங்களோ?"

"அதையும் சொல்ல ஏலாது, ஐயா."

இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். நானும் அதே தண்ணீரைத்தானே குடித்தேன், எனக்கு ஒன்றுமில்லையே என்று ஒரு நாள் சொல்வார். நான்தானே குழாய் வேண்டாம் என்றது என்று அடுத்த நாள் சொல்வார். என்னிடம் இரண்டையும் சொன்னார். அவளிடம் ஒன்றையும் சொன்னதில்லை.

வான் வேப்பமரத்தின் கீழ் நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்து விட்டதோடு சரி. விடிய அவர் எழும்பிப் போவது மட்டும் நிற்கவில்லை. எண்ணெய் பார்ப்பார், சில்லைத் தட்டுவார், பட்டரியைக் கழுவுவார். முன்சீட்டுக்கு வந்ததும் கையை எடுத்துவிடுவார்.

மக்டலின் பஸ்ஸில் போனாள். முதற் பஸ்ஸில் இடம் இருக்காது. இருக்கிற நாளில் படி உயரம். ஓட்டோக்காரர்களுக்குக் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஓட்டம். ஆவணியில் இரண்டு செவ்வாய் தவறியது. புரட்டாசியில் எத்தனை என்று நான் எண்ணவில்லை. அவர் எண்ணியிருப்பார்.

ஒரு பின்னேரம் நான் போயிருந்தபோது அவள் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வராது. "இஞ்சாருங்கோ," என்று கூப்பிட்டாள். "எனக்கு எங்கட கிணத்துத் தண்ணி ஒரு வாய் வேணும்."

"அது வேண்டாம், மக்டலின்."

"இனி என்னத்துக்கு வேண்டாம்? அந்த மருந்துத் தண்ணி தொண்டையால இறங்குதில்லை."

அவர் எழும்பிப் போனார். குசினி யன்னலால் எனக்குக் கிணற்றடி தெரிந்தது. வாளியைப் போட்டு அள்ளினார். கையில் ஏந்தி ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு. வாயில் வைத்துக்கொண்டே நெடுநேரம் நின்றார். பிறகு வாளித் தண்ணீரை நிலத்தில் ஊற்றிவிட்டு, குழாயடியில் டம்ளரை நிறைத்துக்கொண்டு வந்தார்.

மக்டலின் ஒரு வாய் குடித்தாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "இதுதான்."

வெளியே வரும்போது அவர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "டீச்சர், உப்பு இல்லை. சத்தியமா எனக்கு இனிப்பாத்தான் இருக்கு."

ஐப்பசி மழை தொடங்கி இரண்டாவது செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியில், மெசினுக்கு ஆயத்தப்படுத்திக்கொண்டிருக்கும்போது அவள் இறந்தாள். அன்றைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவர மலர்ச்சாலையின் சவ வண்டி வந்தது. மெல்ரோய் என்ற சாரதி. கழுத்தில் கறுப்பு ரை கட்டிய, மரியாதையான இளைஞன். பெட்டியை ஏற்றியாயிற்று, கதவு சாத்தியாயிற்று. இக்னேசியஸ் வண்டியின் முன்னால் போய் நின்றுகொண்டு ஏறமாட்டேன் என்றார்.

"தம்பி, இதைத் திறவும். தண்ணி பாக்க வேணும்."

"ஐயா, அதெல்லாம் காலமை பாத்தாச்சு."

"எந்தத் தண்ணி விடுறனீர்?"

மெல்ரோய் என்னைப் பார்த்தான். திற என்று தலையசைத்தேன். வேறென்ன செய்ய? மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டி வந்து நெடுநேரமாகி எஞ்சின் ஆறியிருந்தது. அவர் மூடியைத் திருகிக் குனிந்து பார்த்தார். உள்ளே பச்சை நிறத்தில், துரு இல்லாமல், மருந்து கலந்த தண்ணீர் கழுத்துவரை நின்றது. அதில் விரலை விட்டார். நாக்குக்குக் கொண்டு போனவரின் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

"அது நஞ்சு, இக்னேசியஸ்."

"ஓமோ?" என்றார். விரலை வெள்ளை வேட்டியில் துடைத்தார். பச்சை பிடித்துக்கொண்டது.

முன்சீட்டில் சாரதிக்குப் பக்கத்தில் அவர் இருந்தார். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி உப்பளம். வழி முழுக்கச் சூட்டைக் காட்டுகிற அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அது நடுவில், அசையாமல், வீடு வரைக்கும் அப்படியே நின்றது.