நீலம் கரைக்கிறவள்

குயவர் ஊரான ரிஷ்தானில் எங்கள் தெருவில் வனையும் மண் கிண்ணங்களுக்கு நீல மெருகு கரைத்துக் கொடுப்பவள் அடுத்த வீட்டு அக்கா ஓய்தின். செடிச் சாம்பல், வெள்ளைக்கல் பொடி, செம்புத் தூள் மூன்றையும் சலித்துத் தண்ணீரில் தூவுவாள். அவசரப்பட்டு யாராவது பொடியின் மேல் தண்ணீரை ஊற்றினால், "கட்டி தட்டிப் போச்சே, கண்ணு எங்க இருக்கு?" என்று சல்லடையை வீசுவாள்.

நேற்று சந்தையில் ஒரு வியாபாரி கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் கீறியிருந்த பெயரைப் படித்தார்; அதை வனைந்த அக்காவின் கணவர் பெயர்.

"அண்ணன் கைவேலைன்னா சும்மாவா!"

கணவர் மீசையை நீவிக்கொண்டார்.

"உங்க பேரு எங்கக்கா?" என்று நான் சீண்டினேன்.

அக்கா கிண்ணத்தை வாங்கி, நிமிர்த்தி, வெயிலில் காட்டினாள்.

"அவரு அடியில ஓரமா இருக்காரு. உள்ளயும் வெளியயும் மின்னுறது பூரா நான்தான்டி!"