விசா வரும் முன்னே காலியான வீடு

குஷன்காரருக்கு ஒரு பழக்கம். பழைய சோபா கடைக்குள் வந்து இறங்கியதுதான் தாமதம், துணியைக் கிழித்து, பஞ்சை உருவி, ஆணியைப் பிடுங்கி வெறும் சட்டமாக நிறுத்திவிடுவார். புதுத் துணி எப்போது வருமோ, அந்தக் கவலையே கிடையாது. "பிரிச்சுப் போட்டுட்டா பார்ட்டி வேற கடைக்குப் போகமாட்டான்" என்பார். தொழிலுக்கு அது சரி. மனுஷன் அதே வேலையைச் சொந்தக் குடும்பத்திலும் காட்டினார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

மனைவி நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து முதலில் அவள் மட்டும் போனாள். அங்கே காலூன்றியதும் கணவனுக்கும் மகளுக்கும் விசா கேட்டு விண்ணப்பம் போட்டாயிற்று. "இதுக்கு மாசக்கணக்கா ஆகுமாம். விசா கைக்கு வர்ற வரைக்கும் எதையும் கலைச்சிடாதீங்க. கேக்குதா?" என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாள்.

கேட்கிறது, கேட்கிறது என்றார். அந்த வாரமே ஃபிரிட்ஜும் கட்டிலும் விலைபோய் வண்டியேறின. கடையைத் தம்பியிடம் ஒப்படைத்தார். அதோடு விட்டாரா? மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு டி.சி.யும் வாங்கிவிட்டார். வாய் ஓயாத பிள்ளை என்பதால் வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். வாலுவும் வகுப்பு முழுக்க டாட்டா காட்டிவிட்டு வந்து சேர்ந்தாள்.

விசாதான் வரவில்லை. ஆன்லைனில் எப்போது தட்டினாலும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பாட்டு. காலி வீட்டில் தும்மினால்கூட எதிரொலித்தது. வெளியே தலைகாட்டினால் "என்ன, இன்னும் கிளம்பலையா?" என்று விசாரிப்பு. மூலை டீக்கடைக்காரர் ஒருபடி மேலே போய், "வழியனுப்பி வெச்சு ஓசி டீ கொடுத்தேனே, அதைத் திருப்பித் தாங்க" என்றார். குஷன்காரர் சிரித்து வைத்தார். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். வாலு வாய் மூடிப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. தினமும் காலையில் "இன்னிக்காப்பா?" என்று கேட்டவள் கேட்பதையே விட்டுவிட்டாள். பள்ளிக்கூட வேன் போகும் நேரத்துக்குச் சரியாக ஜன்னலில் நின்றாள். ஒருநாள் அம்மா போனில் வந்தபோது பேச மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மாவுக்கு நாம வேணாம்ப்பா. வேணும்னா இந்நேரம் கூப்பிட்டிருப்பாங்கல்ல?"

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. அந்தப் பக்கம் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். குஷன்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. விசா தாமதமானது யார் தப்போ, பிள்ளை மனசில் இந்த எண்ணம் வந்தது தன் தப்பு. இன்றைக்கு, நாளைக்கு என்று பிள்ளையை அந்தரத்தில் நிறுத்தியது தானே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் மானம் மரியாதையை மூட்டை கட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அவசரப்படாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம். நான்தான் காதுல வாங்கல. என்னை எவ்வளவு வேணா திட்டுங்க, அவளை மட்டும் கிளாஸ்ல உக்கார வைங்க."

"நாளைக்கே விசா வந்துட்டா?"

"வந்தா வரட்டும் மேடம். அதுவரைக்கும் புள்ள எங்கயாவது இருக்கணும்ல?"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "நாளைக்கு அனுப்பி வைங்க" என்றார். குஷன்காரர் கும்பிட்டபடியே வெளியே வந்தார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. தம்பியிடமே கடையில் வேலைக்கு உட்கார்ந்தார். வீட்டுக்கு நாற்காலி வந்தது, அடுப்படியில் பாத்திரச் சத்தம் வந்தது. வாலுவுக்கு வாயும் திரும்பி வந்தது. கணக்கு டீச்சரைப் பற்றிக் கோள் சொல்ல ஆளில்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். அன்றைக்கு நர்ஸம்மா டியூட்டிக்குத் தாமதமாகத்தான் போனாள்.

விசா வந்தது. எப்போது? ஆண்டுப் பரீட்சை நெருங்கும் நேரம் பார்த்து! குஷன்காரர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். வீடியோவில் அம்மா முகம் தெரிந்ததும் வாலு முந்திக்கொண்டாள்.

"அம்மா, விசா வந்துடுச்சு! ஆனா பரீட்சை எழுதிட்டுதான் வருவேன். அதுவரைக்கும் காத்திருப்பீங்கல்ல?"

அம்மா போனைத் திருப்பிக் காட்டினாள். சின்ன அறை. சுவரோரம் ஒரு குட்டிக் கட்டில், மடிப்புக் கலையாத விரிப்பு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஸ்கூல் பை.

"இதெல்லாம் எப்போம்மா வாங்கினீங்க?"

"அப்ளிகேஷன் போட்ட அன்னிக்கே."

"அடிப்பாவி!" என்று கத்தினார் குஷன்காரர். "எனக்கு மட்டும் அவ்வளவு உபதேசம் பண்ணினியே!"

நர்ஸம்மா சிரித்தாள், மூக்கையும் உறிஞ்சினாள். வாலு போனை மூக்கருகில் வைத்துக் கட்டிலையே உற்றுப் பார்த்தாள்.

"இதுல எனக்குக் கால் நீட்ட முடியாதும்மா. போன்ல முகம் மட்டும்தானே பாக்குறீங்க? நான் வளந்துட்டேன்."

"சரிடா கண்ணு" என்றாள் அவள், அழுகையை அடக்கிக்கொண்டு. "வேற வாங்கலாம். நீ வந்து படுத்துப் பாத்த பிறகு வாங்கலாம்."