அரைப்பேர்

பதுளை ஆஸ்பத்திரியில் அந்த யாழ்ப்பாணத்து டாக்டர் மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டிவிட்டு, அதன் மறு நுனியை விடாமல் பிடித்துக்கொண்டே பேசியது இன்னும் கண்ணில் நிற்கிறது. "மருந்து பாதிதான், தங்கச்சி. லயத்து வீட்டுக்குள்ள பூட்டி வைக்காதேங்கோ. பழைய வேலைக்கு விடுங்கோ, சனத்தோட சேரட்டும்." என் அக்கா பக்கத்தில் தலை குனிந்து நின்றாள். மனநோய் என்று ஒரு வருஷம் கொழும்பு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவள். இனி எங்களோடேயே இருப்பாளா, திரும்பவும் அங்கேயே போய்விடுவாளா என்பதுதான் எனக்கிருந்த ஒரே பயம்.

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. நமுனுகுலைப் பக்கம் எங்கள் மலையில் கொழுந்தெடுப்பதில் அக்காதான் கெட்டிக்காரி. "ஒனக்கு இருக்கிறது கையா, அகப்பையா?" என்று என்னைக் கேலி செய்வாள். எங்கள் கூலிக்கணக்கில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பாதி நாள் என்றால் அரைப்பேர். பிந்தி வருகிறவர்களுக்கும் சோம்பேறிகளுக்கும்தான் அது விழும். அவளுக்கு ஒருநாளும் விழுந்ததில்லை. அது தெரிந்திருந்தும், களைத்துப்போவாளே என்று அவளுக்குத் தெரியாமல் கங்காணியிடம் போய், "கொஞ்ச நாளைக்கு அக்காவுக்கு அரைப்பேர் போடுங்க, மாமா" என்று கேட்டேன். பெரிய புத்திசாலி என்று எனக்கு நினைப்பு.

முதல் நாள் காலை நன்றாகவே போனது. பெண்கள் அவளைத் தங்களுக்கு நடுவே விட்டுக்கொண்டார்கள். மத்தியானம் கொழுந்தைத் தராசில் நிறுத்ததும் கங்காணி, "நீ லயத்துக்குப் போம்மா, ஒனக்கு அரைப்பேருதான்" என்றார்.

"மிச்சப் பேரு எங்கங்க? நான் என்ன தப்புச் செஞ்சேன்?" அக்காவின் குரல் உயர்ந்துவிட்டது.

"திரும்ப ஆரம்பிச்சிருச்சு" என்று யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். அவளுக்கு ஒன்றும் ஆரம்பிக்கவில்லை. அது நியாயமான கோபம். வேறு யார் கேட்டிருந்தாலும் கங்காணி பதில் சொல்லியிருப்பார். கேட்டு வாங்கியது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. பாவி நான்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு அவள் வரவில்லை. பிறகு மருந்தை நிறுத்தினாள், சாப்பாட்டை நிறுத்தினாள். இப்போதெல்லாம் நோயாளியை வேலையில் பழக்க ஆட்கள் லயத்துக்கே வந்து, எவ்வளவு நேரம் முடியும் என்று முதலில் அவரிடமே கேட்கிறார்களாம். எனக்கு அந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லை. மழைக்காலம் முடியுமுன் திரும்பவும் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நானே அவளைப் பதுளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். அதன்பிறகு அவள் தோட்டத்துக்குத் திரும்பவேயில்லை.

அன்று ரயிலில் உட்கார்ந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கங்காணிக்கு எம்மேல என்ன கோவம்னு நீயாச்சும் கேட்டுச் சொல்லு, தங்கச்சி."

"கேக்குறேன்க்கா" என்றேன்.