வயலை ஒத்தி வைத்துப் படித்த படிப்பு

விளையாட்டு டீச்சருக்குப் படிக்கப் போகிறேன் என்று என் மகள் சொன்னபோது, விளையாட்டுக்கும் ஒரு காலேஜ் இருக்கிறது என்பதே எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஓடுவதற்கு ஆணி வைத்த ஷூ வேண்டும் என்றாள். செருப்பில் ஆணி ஏறினால் பிடுங்கி எறிகிறவர்கள் நாங்கள். அவளோ அதைக் காசு கொடுத்து வாங்கவேண்டும் என்கிறாள்.

ஆனாலும் சரி என்றேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அவளுக்கு அப்பாவும் இல்லை. எங்கள் வீட்டில் ஒருத்தியாவது டீச்சர் ஆகவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

எங்களுக்கு இருந்தது கால்வாய் ஓரத்தில் ஒரே ஒரு வாழைவயல். அதை ஊரில் உரக்கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் இருபதாயிரத்துக்கு ஒத்தி வைத்தேன். ஒத்திக்கு வட்டி கிடையாது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறவரை வயலில் விளைகிறது அவருக்கு, அவ்வளவுதான். வட்டி இல்லையே என்று அப்போது நிம்மதியாக இருந்தேன். என் வயலில் வெட்டிய தார்களை அவருடைய ஆட்கள் என் வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்குத்தான் அதன் வட்டி என்னவென்று தெரிந்தது. கேட்டவர்களிடமெல்லாம், "மக வேலைக்குப் போகட்டும், வயலைத் திருப்பிருவேன்" என்று நிமிர்ந்தே சொன்னேன்.

பட்டம் வாங்கிவிட்டால் சர்க்கார் கூப்பிட்டு வேலை கொடுக்கும் என்று நம்பியிருந்தேன். பட்டம் கைக்கு வந்ததும் பதிவு செய்யப் பாளையங்கோட்டை வேலைவாய்ப்பு ஆபீசுக்கு அவளோடு நானும் போனேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் தலை நரைத்த ஒருவர் நின்றார். பிள்ளைக்காக வந்திருக்கிறார் என்று நினைத்து, என் மகள் படித்ததைச் சொல்லிப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஒங்க பிள்ளை என்ன படிச்சிருக்கு?"

"பிள்ளை எங்கம்மா படிச்சான்? நாந்தான் படிச்சிருக்கேன். ஒங்க மக படிச்ச அதே விளையாட்டுப் படிப்பு. பதிவைப் புதுப்பிக்க வந்தேன்."

"எத்தனாவது தடவை?"

"அது இருக்கும், மூணு வருசத்துக்கு ஒண்ணுன்னு அஞ்சோ ஆறோ. கல்யாணத்துக்கு முந்தி ஆரம்பிச்சது. இப்போ மூத்தவன் மீசை வச்சிருக்கான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இந்த மனிதருக்குக் கிடைத்த பிறகல்லவா என் மகளுடைய முறை! அதுவரை என் வாழைத்தார் என் வாசல் வழியாகவே போய்க்கொண்டிருக்குமா?

சர்க்காரை நம்பி உட்கார முடியாது என்று டவுணில் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு வேலை கேட்டுப் போனோம். தாளாளர் எங்களை மரியாதையாக உட்காரச் சொன்னார். சம்பளம் அறுநூறு ரூபாய் என்றார். மே மாதம் லீவு, அதற்குச் சம்பளம் இல்லை என்றார்.

நான் விரல்விட்டுக் கணக்குப் போட்டேன். என் வயலில் களை பறிக்கிறவளுக்கு ஒரு நாளைக்கு முப்பது ரூபாய் கூலி. மாதம் முழுக்க வந்தால் என் மகளைவிடக் கூடுதலாக வாங்கிக்கொண்டு போவாள். அவள் ஆணி வைத்த ஷூ வாங்கியதில்லை. அறுநூறில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சுவதை வைத்து இருபதாயிரத்தை அடைக்க எனக்கு இன்னொரு பிறவி வேண்டும்.

சரி, முதலில் உள்ளே நுழையட்டும் என்று தலையாட்டினேன். அப்போது தாளாளர் கையை நீட்டினார்.

"ஒரிஜினல் சர்டிபிகேட்டை எல்லாம் தந்துட்டுப் போங்க. பாதியில விட்டுட்டுப் போயிரக் கூடாதுல்லா? மூணு வருசம் கழிச்சுத் திருப்பித் தருவோம்."



"ஐயா, அந்தத் தாளுக்காகத்தான் வயலை ஒத்தி வச்சிருக்கேன். இப்போ தாளையும் ஒத்தி வைக்கச் சொல்லுதியளா? வயலை வாங்கினவரு இருபதாயிரம் தந்தாரு. நீங்க என்ன தாரிய?"

"அம்மா, சும்மா இருங்க" என்று மகள் என் முந்தானையை இழுத்தாள்.

தாளாளர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஒங்க இஷ்டம்மா. வெளிய ஆள் இருக்கு" என்று அமைதியாக மணியைத் தட்டினார்.

மகள் ஃபைலை மேஜைமேல் வைத்தாள். பிறகு எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அதே நரைத்த தலைக்காரர். எங்களைப் பார்த்ததும் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தோம். சற்று நேரத்தில் அவரும் வந்தார். போகும்போது கக்கத்தில் இருந்த ஃபைல் இப்போது இல்லை. இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தார்.

"கெடைச்சிட்டும்மா!" என்றார். அவருடைய சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் பஸ் வந்து ஏறிப் போனதும் மகள் மெதுவாகக் கேட்டாள்.

"மே மாசம் சம்பளம் கெடையாதுன்னு அவருக்குச் சொல்லிருப்பாங்களாம்மா?"



மறுநாள் காலையில் உரக்கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, வயலை எனக்கே வாரத்துக்குத் தாங்க. பாடு எங்க பாடு. வெளையுததுல பாதி ஒங்களுக்கு. எங்க பாதியைக் கடன்ல கழிச்சுக்கிடுங்க."

"ஒன் வயலுக்கே நீ வாரக்காரியா தங்கச்சி? ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கவன் வந்து களை பறிப்பானா? அதை விடுங்க. இதுக்கு ஒங்ககிட்ட நான் என்னத்தக் கொண்டாந்து வைக்கணும்?"

அண்ணாச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வயலே எங்கிட்டதான கெடக்கு. இன்னும் என்னத்த வைப்ப?"

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு.

சர்டிபிகேட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். அடுத்த வாரம் மகள் காலேஜில் வாங்கிய கால்சட்டையோடு வயலில் இறங்கி, ஆம்பிளை ஆளுக்குச் சமமாக வாழைக்கன்று சுமந்தாள். வரப்பில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். நான் என் வேலையைப் பார்த்தேன். வாயைப் பிளக்க வேண்டியதையெல்லாம் நான் டவுணிலேயே பிளந்து முடித்திருந்தேன்.