தண்ணீர் குறைகிற வண்டி

தங்கச்சி வீட்டுக்கு அந்தக் காரைப் பார்த்துக் கொடுத்தவன் நான். தியாகதுருகத்தில் ஓய்வு பெற்ற ஒருவர் விற்றார். பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குக் காது கொடுத்து, ஆயிலைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "எடுத்துக்கலாம் மாப்ள, இன்ஜின் தங்கம்" என்றேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். லாரி கிளீனர், போர்வெல் வண்டியில் ராடு தூக்குகிறவன், திருப்பூரில் கொஞ்ச காலம், கேரளாவில் கொஞ்ச காலம் என்று எங்கேயும் ஒட்டாமல் சுற்றினேன். என் பேச்சை நம்பி யாரும் எதுவும் செய்ததில்லை. தங்கச்சி வீட்டுக்காரர் செய்தார். கரும்பு டிராக்டர் ஓட்டுகிற வேலையை விட்டுவிட்டு அந்தக் காரை எடுத்தார். கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைமேல் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு டீச்சர்களை ஏற்றிப்போய் இறக்கி, சாயங்காலம் கூட்டிவர வேண்டும். அதுதான் அவருக்கு நிலையான சவாரி. நான் அவர்கள் வீட்டிலேயே தங்கிக்கொண்டு, அவருக்கு முடியாத நாளில் வண்டி ஓட்டினேன்.

மழைக்காலம் முடிந்து பனி ஆரம்பித்தபோது காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி உதற ஆரம்பித்தது. டீ குடிக்கிற நேரம் ஓடினால் சரியாகிவிடும்.

"இன்னா மச்சான், காலைல மிஸ்ஸிங் அடிக்குது?" என்றார் மாப்பிள்ளை.

"பனிக்கு அப்பிடித்தான் இருக்கும். பிளக்க மாத்திடலாம்."

பிளக்குகளைக் கழற்றினேன். மூன்றில் கரி படிந்திருந்தது. ஒன்று மட்டும் விளக்கி வைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. நெருப்பில் ஆவியாகி பிளக்கைக் கழுவிவிட்டுப் போகிறது. சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்காமல் தடுக்கிற ஹெட் கேஸ்கட் போன வண்டியில் அப்படித்தான் இருக்கும் என்று லாரியில் இருந்தபோதே பார்த்திருக்கிறேன். தரையில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லாமல் தண்ணீர் குறைவதும், காலையில் சைலன்சரில் வெள்ளைப் புகை வருவதும் அதோடு சேர்த்திதான்.

தெரிந்தும் சொல்லவில்லை. சொன்னால் தங்கம் என்று நான் சொன்னது பித்தளையாகிவிடும். நாலு புது பிளக் போட்டேன். உதறல் நிற்கவில்லை. அப்புறம் காயிலை மாற்றச் சொன்னேன். அப்புறம் பெட்ரோல் பங்கைக் குறை சொன்னேன். மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ரேடியேட்டர் மூடியை மட்டும் நான் திறக்கவே இல்லை. திறந்துவிட்டு இன்ஜினை முறுக்கினால் தண்ணீரில் குமிழி வரும். வந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ரேடியேட்டருக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிற வேலையைத் தங்கச்சி மழைக்காலத்திலேயே எடுத்துக்கொண்டிருந்தாள். வாசல் தெளிக்கிற கையோடு அதையும் செய்தாள். நல்லதாகப் போயிற்று என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். மலைப்பாதையில் பாதி வளைவு ஏறியிருப்போம். சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போனது. பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. மாப்பிள்ளை ஓரம் கட்டினார். பின் சீட்டில் இருந்த டீச்சர் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாங்க இது, யாரோ கொழம்பு வெக்கிற மாதிரி வாசன வருது?"

"உன் டிபன் பாக்ஸா இருக்கும்டி, மூடிய சரியா போட்டியா?" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் வந்த பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டோம். ஏறும்போது மூத்த டீச்சர், "நாளைக்கு வருமா தம்பி? இல்லன்னா வேற வண்டி சொல்லிக்கறோம்" என்றார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் பானெட்டைப் பார்த்தேன்.

வண்டியைக் கட்டி இழுத்துக் கள்ளக்குறிச்சியில் ஒரு ஷெட்டில் விட்டோம். டீச்சர்களுக்காக வாடகைக்கு ஒரு வண்டி பிடிக்க மாப்பிள்ளை போய்விட்டார். நான் மெக்கானிக்கோடு நின்றேன். ஹெட்டைத் தூக்கினார். கேஸ்கட் ஒரு இடத்தில் எரிந்து போயிருந்தது. அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது தண்ணீர் ஓடுகிற வழிகளில் இருந்தது. எல்லாவற்றிலும் மஞ்சளாகக் களிமண் மாதிரி அப்பியிருந்தது. மெக்கானிக் விரலால் வழித்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மஞ்சத்தூளுங்க. ஒழுக்க அடைக்கறன்னு போட்டு, மொத்தத்தையும் அடைச்சி வெச்சிக்கிறாங்க. இன்ஜின் சூடு ஏறி ஏறி கேஸ்கட் பூடுச்சி."

எனக்கு மூச்சு விடவே லேசாக இருந்தது. அப்படியென்றால் விற்றவன் வேலை. ஒழுக்கை மறைத்து நம் தலையில் கட்டிவிட்டான். நான் ஏமாற்றவில்லை, ஏமாந்தேன். அங்கேயே நின்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "மஞ்சத்தூள் போட்டு வித்துட்டான் மாப்ள அந்த ஆளு" என்று கத்தினேன்.

"பழசா புதுசான்னு பாக்காம பேசாதீங்க" என்றார் மெக்கானிக். நான் காதில் வாங்கவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து தங்கச்சியிடமும் அதே சத்தத்தில் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"அவரு எங்கண்ணா இப்போ?"

"தியாகதுருகம் போறன்னாரு. சட்டையப் புடிச்சி கேப்பாரு. கேக்கட்டும்."

"ஐயோ, அந்தாளு போடல. நான்தான் போட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"நீதான சொன்ன? லாரில போறப்ப ரேடியேட்டரு ஒழுகி, டீக்கடைல மஞ்சத்தூள் வாங்கிப் போட்டு வூடு வந்து சேந்தோம்னு. தண்ணி கொறஞ்சிக்கினே இருந்திச்சி. அதான் வாரா வாரம் ஒரு ஸ்பூன் போட்டேன்."

சொன்னேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே பெருமையாகச் சொன்னேன். மறுநாள் அந்த லாரியின் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டியிருந்ததை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கதையில் சுவை கெட்டுவிடும்.

"என்னாண்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேட்டேனே! வண்டி நல்லாதான இருக்குன்னு எத்தன தடவ கேட்டேன்? ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்ன. உன் மூஞ்சே சரி இல்ல. தண்ணி கொறையுதுன்னு அவருக்குத் தெரிஞ்சா உன்ன ஏதாச்சும் சொல்லுவாரு. சொன்னா நீ பைய எடுத்துக்கினு பஸ் ஏறிடுவ. இப்பத்தான் வந்து ஒரு எடத்துல இருக்கிற."

அவள் அழவில்லை. மறுபடியும் அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். நான் போனை எடுத்தேன்.

மாப்பிள்ளை எடுத்தபோது பின்னால் ஒரே கூச்சல். "இரு மச்சான், கோயிலாண்ட நிக்கறோம். கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணச் சொல்லிக்கிறேன். மனுஷன் தயாராத்தான் நிக்கறான், நெஞ்சழுத்தத்தப் பாரு."

"வேணாம் மாப்ள. கற்பூரத்த அணைக்க வுடாத. நான்தான் போட்டேன்."

"இன்னாது?"

"மஞ்சத்தூளு. நான் போட்டது."

பின்னாலிருந்து ஒரு வயதான குரல், விற்றவருடையதுதான், "கொளுத்துப்பா, எனக்கு இன்னா பயம்?" என்று கேட்டது. அப்புறம் போன் நின்றுவிட்டது.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "நான் போட்டதுன்னு சொல்லிடறேண்ணா" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். அதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. கேஸ்கட் என்று நினைத்துக்கொண்டு நாள் கணக்கில் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் நான். அதைச் சொல்வதைவிட மஞ்சளைச் சொல்வது எனக்கு லேசாக இருந்தது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வந்து திட்டினார். "லாரில இருந்தவன்னு பாத்தா மசாலா அரைக்கிறவனா இருக்கிறியே" என்றார். திட்டி முடித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாள் நான் மட்டும் தியாகதுருகம் போனேன். விற்றவர் வீட்டு வாசலில் அவர் செருப்பு கிடந்தது. உள்ளே டிவி ஓடியது. அவர் மனைவி கேட்டைத் திறக்காமலே, "வூட்ல இல்லீங்க" என்றார். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். "அவர கோயிலுக்கு இழுத்துக்கினு போனத தெருவே பாத்துச்சி. இப்ப நீங்க தனியா வந்து கேட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. திரும்பி வந்தேன்.

ஹெட்டை லேத்தில் சமன் செய்து, ரேடியேட்டரைக் கழுவி, புது கேஸ்கட் போட்டு மெக்கானிக் வண்டியைக் கொடுத்தபோது ஒரு சின்ன கிளிப்பை என் கையில் வைத்தார். இன்ஜினுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் ஹோஸைப் பிடிக்கிற கிளிப். அது தளர்ந்து, கசிகிற தண்ணீர் சூட்டு இரும்பிலேயே காய்ந்துவிட்டிருக்கிறது. "மொதல்ல போனது இதாத்தான் இருக்கும். அப்பவே முறுக்கியிருந்தா முடிஞ்சிது" என்றார். அப்படியென்றால் நான் தேர்ந்தெடுத்த வண்டி நல்ல வண்டிதான். ஒருவேளை முதலில் அந்தப் பிளக்கைப் பார்த்த காலையில்கூட கேஸ்கட் முழுதாகப் போயிருக்காது. மூடியைத் திறந்திருந்தால் மஞ்சள் தெரிந்திருக்கும். அதை மெக்கானிக்கிடம் கேட்கவில்லை. கிளிப்பை அவர் மேஜைமேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை டீச்சர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஸ்டார்ட் செய்தார். உதறல் இல்லை. என்னைக் கூப்பிட்டார். "கேட்டுச் சொல்லு மச்சான். மலையேறலாமா?"

பானெட்டைத் திறந்து நின்றேன். சத்தம் சீராகத்தான் இருந்தது. எனக்கு அப்படித்தான் கேட்டது.

"எனக்குத் தெரியல மாப்ள" என்றேன். "மெக்கானிக்குக்கு ஒரு போன் போட்டுக் கேளு. கூடவே தண்ணி கேனும் வெச்சிக்கோ."

"இன்னா ஆளுய்யா நீ! தெரியாதப்ப தங்கம்ன, இப்ப வாயத் தொறந்து கேட்டா தெரியலங்கற."

பின்னால் இருந்து மூத்த டீச்சர், "மணி ஆவுது தம்பி" என்றார். மாப்பிள்ளை போனைக் காதில் வைத்துக்கொண்டே, முன் கதவைத் திறந்துவிட்டு, ஏறு என்று எனக்குக் கை காட்டினார். தண்ணீர் கேனை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.